மாதிரி வீட்டைப் பார்க்கப் போகுமுன்

டில்லி போன்ற நகரங்களில் வாடகை வீட்டிலேயே காலங்கழித்த நம்மவர்க்கு, ஒருநாள் சொந்த வீட்டு எண்ணம் எழுவது இயல்பே. ஊரிலென்றால் மனை வாங்கி, கொத்தனாரை அழைத்து, நூல் பிடித்து வானம் தோண்டலாம். இங்கே பெரும்பாலோர்க்குக் கிட்டுவது அடுக்கு மாளிகையில் ஒரு பகுதியே. அதுவும் இன்னும் எழும்பாத மாளிகையில். ஆகவே விற்பவர்கள் மாதிரி வீடு ஒன்றைக் கட்டிக் காட்டுகிறார்கள்.

1954ஆம் ஆண்டில் டில்லியில் குறைந்த செலவு வீடுகளுக்கான சர்வதேசக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு நின்ற வீடுகள் கட்டும் முறையைக் கற்பிக்க வந்தவை. இன்று நாம் காணும் மாதிரி வீட்டின் நோக்கம் விற்பனை, இதை மறந்துவிடலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நொய்டாப் பக்கத்தில் அத்தகைய வீடொன்றைக் குடும்பத்தோடு பார்க்கச் சென்றிருந்தோம். மார்கழி மாதம், இதமான வெயில். கூடமும் அறைகளும் விசாலமாகத் தோன்றின. முன்பணத்துக்கான காசோலை, பதினைந்து ஆண்டுச் சேமிப்பின் முதல் தவணை, சட்டைப் பையில் இருந்தது. அப்போது எங்கள் தாயார் கால்வலி தாளாமல் அங்கிருந்த கட்டிலில் சற்றே படுத்தார். அவர் ஐந்தடி உயரத்துக்கு மேற்படாதவர். ஆயினும் அவர் பாதம் கட்டிலின் விளிம்பைத் தொட்டது! நாடாவை வாங்கி அளந்தோம். நீளம் 5 அடி 3 அங்குலம். நம் வீட்டுக் கட்டில்கள் ஆறேகால் அடிக்குக் குறையா. பிறகுதான் கண்ணில் பட்டது: அறைகளுக்குக் கதவே இல்லை, துணி அலமாரியும் இல்லை, ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி. “மாதாஜி, இதெல்லாம் காட்சிக்குத்தான்” என்றார் உடன் வந்த இளைஞர். காசோலை எங்களுடனேயே வீடு திரும்பியது.

ஆகவே நேயர்கள் புறப்படுமுன் தங்கள் கட்டில், பீரோ, குளிர்பெட்டி ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக்கொண்டு செல்வது நலம். சமையலறையில் மாவரைக்கும் எந்திரத்துக்கு இடமுண்டா, ஈரப் புடவையை எங்கே உலர்த்துவது என்று பெண்கள் கேட்பதைப் பொருட்படுத்தாத விற்பனையாளரிடம் எச்சரிக்கை வேண்டும். மாதிரி வீடு பெரும்பாலும் தரையிலே நிற்பது. நமக்கு வரப்போவதோ பத்தாம் மாடியில், மேற்கு நோக்கியதாக இருக்கலாம். டில்லியின் மே மாதத்தில் மேற்குச் சுவர் இரவு வெகுநேரம் வரை கனன்றுகொண்டிருக்கும். அதை மார்கழிச் சுற்றுலாவில் அறிய முடியாது.

சட்டத்தின் துணையும் உண்டு. ‘ரெரா’ எனப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மாதிரி வீட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதை நம்பிப் பணம் செலுத்தியவர் பொய்யான தகவலால் நஷ்டமடைந்தால் ஈடு பெறலாம். விலகிக்கொள்ள விரும்பினால் வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறலாம். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. பரப்பைக் கேட்கும்போது ‘கார்ப்பெட் ஏரியா’ எவ்வளவு என்றே கேட்க வேண்டும்; வெளிச் சுவர்களும் பால்கனியும் அதில் சேரா. காட்டிய பொருள்களில் எவை நமக்கு உரியவை என்பதை எழுத்தில் வாங்குவதும், மாதிரி வீட்டைப் படமெடுத்து வைப்பதும் பின்னால் உதவும்.

நாங்கள் முடிவில் வாங்கியது ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த பழைய வீடு. பேரம் பேசுமுன் தாயாரின் கட்டில் அளவுக்குத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் பார்த்தோம். கதவு முழுவதும் திறந்தது.