கடவுக்கு வழி விடுங்கள்

 

ஏழைக்கு இயற்கை எதற்கு என்று கேட்கிற ஒரு கூட்டம் நம் நாட்டில் இருக்கிறது. முதலில் அரிசி, பிறகு வேலை, அதற்கப்பால் வீடு. ஆற்றங்கரையும் கடற்காற்றும் வயிறு நிறைந்தவர்களின் விநோதங்கள் என்று மிகுந்த கருணையோடு அவர்கள் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். தாங்கள் மாத்திரம் அந்த விநோதத்தை ஒருநாளும் கைவிடாமல் அவர்கள் செய்யும் அந்த உபதேசத்துக்குப் பதில் சொல்லவே நான் இங்கு, பாறசாலையில், எழுந்து நிற்கிறேன்.

அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலோடு கலக்கிறதே நமது நெய்யாறு, அதன் கரையிலே அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீநாராயண குரு ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஜனங்களுக்கு அவர் தெய்வத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார்? எவருடைய அனுமதியும் வேண்டாத ஆற்றிலிருந்து! இன்று நதி தீரங்களில் எழும்புகிற மதில்கள் அன்றே எழும்பியிருக்குமானால், குருவும் வாயிற்காவலனிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஆற்றில் இறங்கியிருக்க வேண்டும்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1893இல், வெங்ஙானூரின் அய்யன்காளி, தம் இனத்தவர் கால் வைக்கக் கூடாதென்று விலக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்வண்டி ஏறிச் சென்றார். 1914இல் ஊரூட்டம்பலத்துப் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துச் சென்றார். திருவிதாங்கூரின் பிரஜா சபையில் எழுந்து நின்று தம் மக்களுக்குப் புதுவல் என்ற தரிசு நிலம் வேண்டுமென்று சர்க்காரைக் கேட்டார். சாலையும் பள்ளியும் நிலமும் ஒரே சுதந்திரத்தின் அங்கங்கள் என்று கண்ட அந்த மகாபுருஷர், முதலில் கஞ்சி, பிறகு கௌரவம் என்று ஒருநாளும் வரிசை வகுத்ததில்லை. 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூரின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. கோயிற்கதவு திறந்த நாட்டிலே ஆற்றங்கரைக் கதவு மூடப்படுவதை நாம் பொறுத்துக்கொள்ளலாமா?

எப்படி மூடப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். பாலம் வந்தது, ஆற்றுத் துறையான தோணிக் கடவு வழக்கொழிந்தது. குழாய் வந்தது, குளிக்கவும் துவைக்கவும் ஆற்றுக்குப் போவது குறைந்தது. நடமாட்டம் குறைந்த ஒற்றையடிப் பாதையை அக்கம்பக்கத்து வேலிகள் ஆண்டுக்கு ஒரு முழமாக விழுங்கின. பிறகு வேலி மதிலாயிற்று, மதிலுக்கு வாயில் வந்தது, வாயிலுக்குப் பூட்டும் வந்தது. கரைதான் போயிற்று, வீட்டருகிலாவது இடம் உண்டா? 1972இல் தொடங்கிய லட்சம் வீடு திட்டம் ஏழைக்கு ஒரு கூரையைக் கொடுத்தது, அதற்கு நாம் நன்றியுள்ளவர்கள். ஆனால் அந்தக் கூரைக்கு வெளியே குழந்தை ஓடியாட ஒரு கோல் மண்ணும் இல்லை. 2024 ஜூனில் நம் குடியிருப்புகளுக்கு இருந்த காலனி என்ற இழிபெயரை நீக்கி, நகர், உன்னதி, பிரகிருதி என்ற பெயர்களைச் சூட்டலாமென்று சர்க்கார் உத்தரவிட்டதும் நல்ல காரியமே. பெயர்ப்பலகையில் வந்த பிரகிருதி, அதாவது இயற்கை, ஆற்றங்கரையிலும் வர வேண்டாமா? பொழியூரில் கடலேற்றத்தால் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் நிவாரண முகாமில் ஒண்ட நேர்ந்தது; ஆனால் பக்கத்திலேயே நெய்யாற்றின் கழிமுகமான பொழியின் சௌந்தரியம் படகுச் சவாரியாக மணிக்கணக்கில் விற்பனையாகிறது.

'இவர்களை விட்டால் பாழாக்கி விடுவார்கள்' என்பது அடுத்த ஆட்சேபம். பாழாக்கியது யார்? ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளி மாளிகை கட்டியவர்களை அடக்கத்தான் 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது; ஏலா என்ற வயல்வெளிகளை நிரப்பி மனையாக்கியவர்களைத் தடுக்கத்தான் 2008இல் நெல்வயல் சட்டம் தேவைப்பட்டது. கூடையும் மண்வெட்டியும் தூக்கிய கூலிக்காரனா அந்த லாபத்தை அனுபவித்தான்? இயற்கையோடு வாழ்ந்தவன் அதை எப்படிப் பேணுகிறான் என்பதற்கு இதே ஆற்றின் உற்பத்தி ஸ்தானமே சாட்சி. 1987இல் அகத்தியமலைக்குச் சென்ற விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்தபோது, வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடியினர் களைக்காமல் நடந்தது தாங்கள் மென்று தின்ற ஆரோக்கியப்பச்சைக் காயினால் என்று தெரிந்தது. அதிலிருந்தே பாலோடு என்ற ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தை உண்டாக்கியது. அந்த ஞானம் காட்டில் காலாற நடந்து திரிந்த தலைமுறைகள் சேர்த்துவைத்த ஆஸ்தி.

இன்னும் சில தர்மவான்கள் இருக்கிறார்கள். வருஷத்தில் ஒருநாள் பஸ் ஏற்றிக் குழந்தைகளை நெய்யாறு அணைக்கு அழைத்துச் சென்று, பிஸ்கட் கொடுத்து, போட்டோ பிடித்து, அந்தியில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த அன்பை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடுகிற ஆற்றைப் பார்க்க ஒரு குழந்தை இன்னொருவர் தயவுக்குக் காத்திருப்பது அநீதி!

தயவுக்குக் காத்திராதவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, மான்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாள வாலிபர்கள் சில நூறு பேர், பிரபுக்களின் வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறினார்கள். ஐவர் சிறை சென்றனர். 1949இல் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமைக்காகப் பார்லிமென்டே சட்டம் செய்தது. நமக்கோ சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆறும் கடற்கரையும் காடும் ஜனங்களுக்காகச் சர்க்கார் வைத்திருக்கும் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே கமல்நாத் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பொது ஓடையும் குளமும் ஊற்றும், அவற்றையொட்டித் தனியாருக்குச் சொந்தமில்லாத நிலமும் கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை என்று 1994ஆம் ஆண்டுக் கேரள பஞ்சாயத்துச் சட்டம் சொல்லுகிறது.

ஆகவே மகாஜனங்களே, நாம் கேட்பது தானமல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டிய கிராம சபைக்கு வீட்டு விண்ணப்பத்தோடு மாத்திரம் போகாதீர்கள். உங்கள் ஊர்க் கடவின் பெயரையும், அதற்குச் சென்ற பாதை எங்கே மறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். புறம்போக்கை அளந்து கல் நடச் சொல்லுங்கள். பொழிக்கரையில் மீனவன் வலை உலர்த்தவும், அவன் குழந்தை விளையாடவும் தடையில்லாத வழி கேளுங்கள். மீனும் மழையும் மண்ணும் அறிந்த நம் முதியவர்களைக் கூலி கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசான்களாக்கச் சொல்லுங்கள். பணமில்லை என்பார்கள், அளவுக்கல் நடவும் பூட்டைத் திறக்கவும் கஜானா காலியாகி விடாது. பிறகு பார்க்கலாம் என்பார்கள். மினிட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பிறகு பாருங்கள் என்று சொல்லி, தீர்மானம் பதிவாகும் வரையில் ஒருவரும் எழுந்து வராதீர்கள்!