கிரேக்கத்தில் ஒரு கடன் பத்திரம்

சொந்த ஊர் பூதப்பாண்டி. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் கிரேக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள்.

வரலாறு படிக்கும் என் தம்பி மகள், "மேற்கொண்டு கிரேக்கம் படிக்கணும் பெரியப்பா" என்றாள். "யாரு வேலை தருவா மக்கா? பேங்க் பரீட்சை எழுது" என்றேன். அவள் வாதாடவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

அது ஒரு கடன் ஒப்பந்தம். சேர நாட்டு முசிறிக்கும் எகிப்துக்கும் நடந்த வணிகத்துக்காக, 2-ஆம் நூற்றாண்டில் பப்பைரஸ் தாளில் கிரேக்கத்தில் எழுதியது. இப்போது வியன்னாவில் இருக்கிறது. கடனைக் கட்டாவிட்டால் ஈட்டுச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை. பின்பக்கம், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த தந்தம், வாசனைப் பொருள்களின் எடை, மதிப்பு, கால் பங்கு வரி. நான் ஆயுசு முழுக்க எழுதிய கணக்குத்தான்!

நம் குமரியும் கிரேக்கத்தில் உண்டு. அங்கே நீராடி நோன்பிருக்க வருவோரைப் பற்றி 1-ஆம் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' சொல்கிறது. நம் ஊர்ச் சங்கதியை நாம் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறோம்.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2000-ல் கிரேக்கவியல் இருக்கை தொடங்கினார்கள். அது காலனோஸ் பெயரில் உள்ளது. அவர் காசியில் வாழ்ந்து, சமஸ்கிருத நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்து, 1833-ல் அங்கேயே மறைந்த ஏதென்ஸ்காரர். அவர் நம் மொழியைப் படித்தார். நம் பெண் அவர் மொழியைப் படிக்கக்கூடாதா?

வேலை பற்றிய கவலை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால், "படி மக்கா" என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால், என்னைப்போல் எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிடாதீர்கள்.