மீனுக்கு வலிக்காதா?

(செம்பாக்கத்தில் வியாபாரிகள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

மீன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "ஹஜ்ரத்! ஆடு, கோழி அறுக்க இத்தனை ஒழுங்கு சொல்கிறீர்கள். மீனுக்குத்தான் அறுப்பே இல்லையே! உயிரோடு செதில் எடுத்தால் என்ன குற்றம்?"

நியாயமான கேள்வி. மீனை அறுக்காமலே உண்ணலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அது உண்பதற்கான சலுகை, வதைப்பதற்கு அல்ல. அறுப்பதற்கு முன் கத்தியைத் தீட்டிக்கொள்ளவும், பிராணியின் சிரமத்தைக் குறைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எல்லாக் காரியத்திலும் நல்ல முறை வேண்டும் என்பதே அந்தப் போதனையின் தொடக்கம். 'எல்லா' என்பதில் மீன் மட்டும் விடுபடுமா?

"மீனுக்கு வலி தெரியாது" என்பார்கள் சிலர். 2003-ல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு டிரவுட் மீன்களை ஆராய்ந்தது. காயத்தை உணரும் நரம்பு முனைகள் அவற்றின் முகத்தில் இருந்தன. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. மணிக்கணக்கில் இரை எடுக்கவில்லை. மார்ஃபின் கொடுத்தபோது அந்தத் தவிப்பு குறைந்தது. நம்மைப் போன்ற மூளை அமைப்பு மீனுக்கு இல்லை, ஆகவே அது வலியல்ல என்று வாதிடும் விஞ்ஞானிகளும் உண்டு. சந்தேகம் என்று வந்தால் பேணுதலான பக்கம் நிற்பதுதானே நமக்கு அழகு?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதனல்லாத எல்லா உயிரும் பிராணியே. உணவுக்காகக் கொல்ல அது அனுமதிக்கிறது. தேவையற்ற வேதனையை அனுமதிக்கவில்லை.

வியாபாரிகளே! விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். தண்ணீரை விட்டு எடுத்தாலும் வெகுநேரம் சாகாது. 'உயிர் மீன்' என்று விலை கூடுவதும் அதனால்தான். அதன் வேதனை நீள்வதும் அதனால்தான். அதைத் தட்டில் உலரப் போடாதீர்கள். தொட்டியில் தண்ணீர் வையுங்கள். தலையில் கட்டையால் ஓங்கி ஒரே அடி. உணர்வு போனபின் செதில் எடுங்கள். ஒரு நொடி வேலை!

இளைஞர்களே! நம் ஏரியில் கழிவு கலந்தால், அதைச் சிதைக்கும் கிருமிகள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். விடியற்காலையில் அது மிகவும் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாய்திறந்து திணறும். நம் கடைக் கழிவு ஒரு வாளிகூட ஏரிக்குப் போகக் கூடாது.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியை மேடைதோறும் சொல்கிறோம். எடையில் ஒரு கிராம் குறைந்தாலும் மறுமையில் கேள்வி உண்டு என்று அஞ்சும் வியாபாரி, அதே தராசில் கிடந்து துடிக்கும் உயிருக்காகவும் அஞ்சட்டும்!