நம் படத்தை நாமே கழுவுவது



இந்த நினைவுப் பேருரையை வழக்கமாக எழுத்தாளர்களோ பேராசிரியர்களோ நிகழ்த்துவார்கள். இந்த ஆண்டு எங்களை அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள ஆலைகளில் வேலை செய்கிறோம். வார விடுப்பில் ஒரு வாடகை வீட்டு மொட்டைமாடியில் கூடிப் பழைய முறைகளில் படம் எடுத்துப் பழகுகிறோம். யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன்தான் இதற்குக் காரணம். சேரியில் சாவு விழுந்தால் பிரேம் போட ஒரு படம்கூட இல்லாமல் ரேஷன் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடுவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர் அவர். நம் ஆட்களின் முகம் செத்த பிறகுதான் சுவரேற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம். நம் தோழர்களே எங்களிடம் கேட்டதுதான். போராட்டக் காலத்தில் இந்தப் பொழுதுபோக்கு எதற்கு? 2024 செப்டம்பரில் தொடங்கி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் பொழுது யாருடையது என்பதும் ஒரு கேள்வி. நம் தாத்தா பாட்டிகளின் பொழுது பண்ணையாருடையது, நம்முடையது ஷிப்டினுடையது. பிடித்ததற்காக ஒரு காரியத்தைச் செய்யும் உரிமை சாதியச் சமூகத்தில் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. அத்தனை வேலைக்கு நடுவிலும் அண்ணல் அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டார். அதை யாரும் வீண்வேலை என்று சொல்வதில்லையே.

இரண்டாவது காரணம் கேமராவின் வரலாற்றிலேயே இருக்கிறது. கேமரா நம்மிடம் நண்பனாக வரவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஹூப்பர் என்ற வெள்ளை ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமாகிவிட்ட மனிதர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். அவருடைய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்தது. அதிலும் படங்கள் உண்டு. இப்படி எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. சாதியின் பெயர் மட்டும் படத்தின் கீழே இருக்கும்.

இருட்டறையில் பழகிய பிறகுதான் இன்னொன்று புரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியையும் புற ஊதாவையும்தான் உணரும். சிவப்பும் பழுப்பும் அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. அதனால் பழுப்புத் தோல் இருப்பதைவிடக் கருப்பாகப் பதியும். பிஸ்கட் டின்னில் ஊசித்துளை போட்டு, போட்டோ பேப்பரையே நெகட்டிவாக வைத்து நாங்கள் ஒருவரையொருவர் எடுத்தபோது அதேதான் நடந்தது. முகம் கரிக்கட்டை, பல் மட்டும் வெள்ளை. எங்களில் ஒருவர் படத்தைக் கிழித்தே போட்டுவிட்டார். பிறகு வெளிச்சம் விழும் நேரத்தை இரட்டிப்பாக்கி, முகத்தை நிழலிலிருந்து திருப்பி எடுத்தோம். கண்ணும் கன்னமும் வந்தன. பிற்காலத்தில் வந்த கலர் பிலிமையும் வெள்ளைத் தோலை அளவாக வைத்துத்தான் சரிபார்த்தார்கள். ஊர் ஸ்டுடியோவில் நமக்குப் பவுடர் அப்பிவிட்டார்களே, அந்தக் குறை நம் முகத்தில் இல்லை. கருவிக்கு அளவு வைத்தவர்களிடம் இருந்தது. கருவியின் உள்வேலை தெரிந்தால்தான் இதைச் சொல்ல முடியும்.

பிலிம் நமக்கு அந்நியமான பொருளும் அல்ல. 1960-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் உதகையில் பிலிம் தயாரித்தது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளைச் சுருள்களும் எக்ஸ்ரே பிலிமும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளில் உருவானவை. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று ஒரு சுருளின் விலை நம்மில் பலருக்கு ஒரு நாள் கூலி. அதனால் மாதம் ஒரு சுருள்தான் வாங்குகிறோம், 36 படத்தையும் எண்ணி எண்ணித்தான் எடுக்கிறோம். கழுவுவதற்கு இன்ஸ்டன்ட் காபித்தூள், வாஷிங் சோடா, வைட்டமின் சி போதும். காபியிலுள்ள அமிலங்கள் பிலிமில் மறைந்திருக்கும் பிம்பத்தை வெளியே கொண்டுவரும். படம் நிலைக்க ஹைப்போ மட்டும் கடையில் வாங்க வேண்டும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது நீல அச்சு. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது, சயனோடைப் என்பார்கள். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண் கடற்பாசிகளை இந்த முறையில் பதித்துப் புத்தகமாகவே வெளியிடத் தொடங்கினார். கேமரா வேண்டாம். 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் பெரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் பெரிசயனைடு. இரண்டையும் சம அளவில் கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் தாளில் தடவிக் காயவைக்க வேண்டும். கையுறை கட்டாயம், அமிலம் பக்கத்திலேயே வரக்கூடாது. தாளின் மேல் பொருளை வைத்து வெயிலில் பத்து நிமிடம் காட்டித் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். எங்கள் முதல் படங்கள் இரண்டே நாளில் வெளுத்துப்போயின. போர்த் தண்ணீரின் காரம் நீலத்தைத் தின்றுவிட்டது. இப்போது அலசும் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுகிறோம்.

இந்த நீல அச்சைத்தான் ஆலைகள் பல பத்தாண்டுகள் இயந்திர வரைபடத்துக்கும் கட்டட வரைபடத்துக்கும் நகல் எடுக்கப் பயன்படுத்தின. எங்கே சுவர், எங்கே கதவு என்று முதலாளியும் பொறியாளரும் முடிவு செய்த தாள் நீலத்தாள். 1942-இல் அண்ணல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியும் நீலம். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று தெரியும். ஆனாலும் தாள் அலசி முடித்து மொட்டைமாடிக் கொடியில் வரிசையாகத் தொங்கும்போது எங்களுக்கு அது சும்மா ஒரு நிறமாகத் தெரிவதில்லை.

எதைப் பதிக்கிறோம்? இங்கே பல ஆலைகளில் கைபேசியின் கேமராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். கேமரா உள்ள கைபேசியைப் பூட்டித் தருகிற பெண், தான் வேலை செய்யும் இடத்தை ஒருநாளும் படம் எடுக்க முடியாது. தொழில் ரகசியம் என்கிறார்கள். நம் வாழ்நாளும் அந்த ரகசியத்துக்குள்தான் போகிறது. கேமரா உள்ளே போகாது, சரி. ஷிப்ட் முடிந்தால் கை வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அந்தக் கையைத் தாளில் வைக்கிறோம். கிழிந்த கையுறை, அடையாள அட்டையின் கயிறு, ஷூ லேஸ், விடுதிச் சாப்பாட்டுத் தட்டு எல்லாம் வைக்கிறோம். ஒரு தோழரின் வலது கைப் பதிவில் நான்கு விரல்தான் இருக்கும். விபத்து அறிக்கையில் ஒரே வரியில் முடிந்துபோனது, அந்தத் தாளில் முழுக் கையளவு நிற்கிறது. தோழர்களே, இது தொட்டால்தான் வரும் படம். தாளைத் தொட்டுக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். தீண்டாமையை அனுபவித்தவர்களின் கைக்கு இந்த முறை பொருந்திப்போனதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை.

அடுத்து நிலம். இந்தத் தொழில் தடம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில் ஓடுகிறது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். நம் வீடுகளில் பழைய பட்டா, புல வரைபடம், தீர்வை ரசீது என்று மடிந்து கிழிந்த தாள்கள் கிடக்கின்றன. அவற்றை ஒளி ஊடுருவும் தாளில் நகலெடுத்து, அதை வைத்து நீல அச்சுப் போடத் தொடங்கியிருக்கிறோம். நீதிமன்றத்தில் இது சான்று ஆகாது. சுவரில் மாட்டினால், இது என்ன என்று குழந்தை கேட்கும். அந்தக் கேள்வி வீட்டுக்குள் எழ வேண்டும்.

எங்களுக்கு முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படம் எடுத்துவரும் பழனிக்குமார், வாடிப்பட்டியில் தன் சொந்தக் குடும்பத்தையே படமாக்கிய ஜெய்சிங் நாகேஸ்வரன் ஆகியோரின் வேலைகளை மாணவர்கள் தேடிப் பாருங்கள். அவர்கள் படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு. எங்கள் ஒழுங்கும் அதுதான். கேட்காமல் எடுப்பதில்லை. படத்தின் பின்பக்கம் பெயர், ஊர், தேதி எழுதாமல் வைப்பதில்லை. எடுத்தவருக்கு ஒரு பிரதி என்றால், படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த விடுப்பில் ஊருக்குப் போகும்போது வீட்டில் மூத்தவர்களை உயிரோடு இருக்கையிலேயே ஒரு படம் எடுங்கள். பிலிமிலோ கைபேசியிலோ எதில் வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் தாளில் அச்சுப்போட்டு, பெயர் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுங்கள். நீல அச்சுப் பழக விரும்புகிறவர்கள் எங்கள் மாடிக்கு வாருங்கள், தாளும் ரசாயனமும் நாங்கள் தருகிறோம். வெயிலுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை.

ஜெய்பீம்.