ஃப்ளைட் குறைஞ்சா யாருக்கு ஓய்வு, யாருக்கு நஷ்டம்?

இன்னைக்கு எபிசோட் குமணன்சாவடியில, எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடியில ஆரம்பிக்குது.

என் சித்தி பையன் ஒரு ஏர்லைன்ல ஃபர்ஸ்ட் ஆபீசர். அதாவது கேப்டனுக்குப் பக்கத்து சீட்ல உட்கார்ற பைலட். எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்ல. ஒரு நாள் சாயங்காலம் அவனோட அடுத்த மாச ரோஸ்டர் வந்தது. கம்பெனி ஃப்ளைட்டைக் குறைச்சிருந்தாங்க, இவனுக்கு நிறைய நாள் காலி. சித்திக்கு சந்தோஷம். "நல்லதுடா, வீட்ல நல்லாத் தூங்கு"ன்னாங்க. அவன் என்னைப் பார்த்து, "அண்ணா, நான் தூங்கினா இஎம்ஐ யார் கட்டுவா?"ன்னான். பைலட் படிப்புக்கு வீட்டை அடமானம் வச்சு வாங்கின கடன் இன்னும் ஓடிட்டு இருக்கு.

மாடியில எங்களோட மூணாவது ஃப்ளோர் கேப்டன் சாரும் இருந்தார். வேற கம்பெனி, ரிட்டையர் ஆக சில வருஷம்தான் பாக்கி. அவர் சொன்னார்: "தம்பி, ஆள் பத்தாம ஓட்டறதுக்கு ஓட்டாம இருக்கறதே மேல். அடுத்தடுத்த ராத்திரி மூணு மணிக்கு லேண்டிங் பண்ணிப் பாரு, அப்போ தெரியும்." தம்பி விடல. "சார், நீங்க கடனை அடைச்சுட்டுப் பேசறீங்க."

ரெண்டு பேரும் பைலட். ஒரே முடிவு ஒருத்தருக்கு ஓய்வு, இன்னொருத்தருக்கு நஷ்டம். ஏன்? பைலட் சம்பளத்துல நிலையான பகுதி ஒண்ணு இருக்கும். அதுக்கு மேல பறக்கற மணி நேரத்துக்கு ஏத்த காசு. பூந்தமல்லி–போரூர் ஷேர் ஆட்டோ ஓட்டறவருக்கு ட்ரிப் இல்லன்னா வரும்படி இல்ல பாருங்க, அந்தக் கணக்கு இங்கேயும் ஓரளவுக்கு உண்டு.

2024 ஏப்ரல்ல விஸ்தாரால நடந்தது இதோட நேரடி உதாரணம். ஏர் இந்தியாவோட இணையறதுக்கு முன்னாடி புது சம்பள ஒப்பந்தம் வந்தது. அதுவரைக்கும் மாசம் 70 மணி நேரத்துக்கு நிலையான சம்பளம், புதுசுல அது 40 மணி நேரம். ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்குத்தான் அடி அதிகம்னு எதிர்ப்பு கிளம்புச்சு. நிறைய பேர் உடம்பு சரியில்லன்னு லீவ் போட்டாங்க, ஃப்ளைட்டுங்க வரிசையா கேன்சல் ஆச்சு. கடைசியில நிர்வாகம் ஒரு நாளைக்கு 25-லேருந்து 30 ஃப்ளைட், அதாவது சுமார் 10 சதவீதம் குறைச்சுது. ரோஸ்டர் ரொம்ப இறுக்கமா இருந்ததை சிஇஓ வினோத் கண்ணனே ஒத்துக்கிட்டார்.

அடுத்தது 2025 டிசம்பர், இண்டிகோ. பைலட் சோர்வைக் குறைக்க டிஜிசிஏ கொண்டுவந்த விதிகளோட ரெண்டாம் கட்டம் நவம்பர் 1-ல அமலாச்சு. முதல் கட்டத்துல வார ஓய்வு 36 மணி நேரத்துலேருந்து 48 ஆகியிருந்தது. இப்போ ராத்திரி லேண்டிங் 6-லேருந்து 2 ஆச்சு. டிசம்பர் 5-ம் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ஃப்ளைட் கேன்சல். அப்புறம் அரசாங்கமே 10 சதவீதம் குறைக்கச் சொல்லுச்சு. தொழில்நுட்பக் கோளாறு, வானிலை, நெரிசல், புது விதின்னு கம்பெனி பல காரணம் சொல்லுச்சு. பைலட் கூட்டமைப்பு, விதி வரப்போறது தெரிஞ்சும் ஆள் எடுக்காம இருந்தீங்களேன்னு கேட்டுச்சு. கம்பெனிக்குத் தற்காலிக விலக்கு கொடுத்ததை இன்னொரு பைலட் சங்கமான ஆல்பா இந்தியா எதிர்த்துச்சு.

இதைப் பத்தி மாடியில பேசினப்போ கேப்டன் சார் சொன்னது எனக்கு மறக்கல: "குறைச்சது தப்பில்ல. குறைக்கற நிலைமைக்குக் கொண்டு வந்ததுதான் தப்பு." தம்பியும் இதுல ஒத்துப்போனான். ஆனா ஒண்ணு கேட்டான்: "அந்தத் தப்புக்கு என் சம்பளத்துல ஏன் பிடிக்கணும்?"

கேப்டன் சாருக்கு அதுக்கு பதில் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அது நியாயமான கேள்விதான்"னார்.

எனக்குத் தோணறது இதுதான். ஓய்வு பயணிகளோட பாதுகாப்புக்கு. அப்போ அதோட செலவை ஏர்லைன் ஏத்துக்கணும், டிக்கெட்ல கொஞ்சம் நாமளும் ஏத்துக்கணும். கடன்ல இருக்கற ஜூனியர் தலையில அதைக் கட்டினா என்ன ஆகும்? கண்ணு சொக்கினாலும், "நான் ஃபிட்டா இருக்கேன்"னு சொல்லிட்டுத்தான் ஏறுவான். சோர்வா இருக்கேன்னு சொல்றவனுக்கு நஷ்டம்னா எவன் சொல்லுவான்? அந்த ஃப்ளைட்ல நாமளும் இருப்போம்.

இறங்கும்போது தம்பிகிட்ட கேட்டேன், "70 மணி நேரத்துக்கு கேரன்ட்டி கொடுத்தா?" சிரிச்சான். "அப்போ நானும் கேப்டன் சார் கட்சிதான், அண்ணா."

அடுத்த தடவை உங்க ஃப்ளைட் கேன்சல் ஆனா கோவப்படுங்க, தப்பே இல்ல. ஆனா யார் மேலன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.