விண்மீன் படையில் பெண்கள் எங்கே?

விண்மீன்களுக்கு இடையே நிகழும் போர்களைப் பற்றிய கதைகள், விஞ்ஞானக் கதைகளுள் ஒரு தனிக் கிளையாக வளர்ந்திருக்கின்றன. ஒளியினும் விரைந்து செல்லும் கப்பல்கள், ஒரு கோளையே பொடியாக்க வல்ல படைக்கலங்கள், ஆயிரம் உலகங்களை ஆளும் பேரரசுகள் என்று அவற்றில் வரும் கற்பனைக்கு எல்லையே இல்லை. அண்மையில் அத்தகைய நூல்கள் சிலவற்றை ஒருங்கே வைத்துக்கொண்டு படித்தோம். சில நாட்களில் ஒரு குறை மனத்தை உறுத்தத் தொடங்கிற்று. எண்ணற்ற கப்பல்கள் போருக்குப் புறப்படுகின்றன. அவற்றுள் ஒரு பெண்ணின் குரலைக் கேட்பது அரிதாக இருக்கிறது. கேட்டாலும், அது பெரும்பாலும் வழியனுப்பும் குரலாகவோ, காயத்துக்குக் கட்டுப்போடும் செவிலியின் குரலாகவோ இருக்கிறது.

எட்வர்ட் எல்மர் ஸ்மித் என்னும் அமெரிக்கரின் லென்ஸ்மேன் தொடர் இவ்வகைக் கதைகளுக்கு முன்னோடி எனலாம். தொழிலால் அவர் உணவு இரசாயன நிபுணர். விண்மீன் மண்டலங்கள் மோதிக்கொள்வதை ஓய்வு நேரத்தில் எழுதினார். அவருடைய கதையில், நேர்மையும் ஆற்றலும் நிறைந்த வீரருக்கு மட்டும் ஓர் ஒளிவில்லை வழங்கப்படுகிறது. அதனை அணிந்தவர் எவ்வுயிரோடும் உள்ளத்தாலேயே உரையாடலாம். சிறகு முளைத்த பாம்பு போன்ற ஓர் உயிருக்கு அவ்வில்லை கிடைக்கிறது. பீப்பாய் போன்ற உடலும் நான்கு கால்களும் கொண்டு, கண்ணே இல்லாத மற்றோர் உயிருக்கும் கிடைக்கிறது. ஆனால், 1950இல் நூலாக வெளிவந்த 'முதல் லென்ஸ்மேன்' கதையில், படையை நிறுவிய தலைவனின் மகளும் மதிநுட்பம் மிக்கவளுமான வர்ஜீலியா அவ்வில்லையை நாடிச் சென்று வெறுங்கையோடு திரும்புகிறாள். அது பெண்களுக்கு உரியதன்று என்பதே அவள் பெற்ற விடை. தொடரின் வேறொரு நூலில் கிளாரிஸா என்னும் செவிலிக்கு வில்லை கிடைப்பது உண்மைதான். ஆயினும் பெண்களே ஆளும் ஒரு கோளில் ஆடவரால் நடமாட இயலாத நெருக்கடி வந்த பிறகே அது கிடைத்தது. பாம்பையும் பீப்பாயையும் போர்வீரராகக் கண்ட கண்ணுக்குச் சொந்த வீட்டுப் பெண் எளிதில் தென்படவில்லை!

ராபர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' இதனினும் கூர்ந்து நோக்கத் தக்கது. அதில் வரும் காலாட்படையினர் ஒருவகை இயந்திரக் கவசத்தை அணிகின்றனர். அதற்குள் இருப்பவன் கட்டடங்களைத் தாண்டிக் குதிக்கலாம். தனியொருவனாக நின்று ஓர் ஊரையே கலக்கலாம். மனிதனின் உடல் வலிமை அங்கே ஒரு பொருட்டே அன்று. கவசமே வலிமையைத் தருகிறது. பெண்களைப் படையில் சேர்க்காமைக்கு உலகம் வழக்கமாகச் சொல்லிவரும் காரணம் உடல் வலிமைக் குறைவு. அக்காரணத்தை ஒரே கற்பனையால் ஒழித்துக்கட்டிய ஆசிரியர், பிறகு அக்கவசங்களுக்குள் ஆடவரை மட்டுமே நிறுத்தி வைத்தார். இங்கேதான் நமக்கு வியப்பு உண்டாகிறது.

அவருக்கு அநீதி இழைத்தலும் ஆகாது. அவருடைய கப்பல்களை ஓட்டுவோர் பெண்கள்; கப்பல் தலைவியும் பெண்ணே. கணத்தில் செயற்படும் திறனும், வேக மாறுதலின் அழுத்தத்தைத் தாங்கும் உடலமைப்பும் பெண்களுக்கு மிகுதி என்று அவர் காரணமும் காட்டுகிறார். அந்நாளில் அமெரிக்காவில் நடப்பிலிருந்த சட்டத்தோடு ஒப்பிட்டால் இது துணிவுடைய கருத்தே. 1948இல் இயற்றப்பட்ட அச்சட்டம், பெண்களின் தொகை படையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகலாகாது என்று வரம்பு கட்டியது. போர் விமானங்களிலும் போர்க் கப்பல்களிலும் அவர்களுக்கு இடமில்லை என்றும் விதித்தது. ஆயினும் ஹைன்லைனின் கப்பலில் பெண்களின் பகுதிக்கும் காலாட்படையினரின் பகுதிக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் நிற்கிறது. அதற்கு ஆயுதம் தாங்கிய காவலும் உண்டு. அவர் 1929இல் கடற்படைக் கல்லூரியில் தேறி, 1934இல் காச நோயால் ஓய்வு பெறும் வரையில் போர்க் கப்பல்களில் பணியாற்றியவர். விண்ணில் பறக்கும் கப்பலைப் படைத்தபோதும், தாம் வாழ்ந்து பழகிய கப்பலின் வழக்கங்களை அவரால் முற்றிலும் கழற்றி வைக்க முடியவில்லை போலும்.

இக்குறை அவரோடு தோன்றியதும் அன்று. எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்னும் நூலில் கதை சொல்பவரின் மனைவிக்குப் பெயரே இல்லை. செவ்வாய்க் கோளினர் படையெடுத்தவுடன் அவள் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். கதையின் முடிவில்தான் திரும்பக் காண்கிறோம். ஆனால் அதே நூலில், இலண்டனை விட்டு மக்கள் ஓடும் பகுதியில், எல்ஃபின்ஸ்டன் என்ற இளம்பெண் ஒருத்தி வருகிறாள். வண்டியைப் பறிக்க வந்த கயவர்களை நோக்கி அவள் துப்பாக்கியால் சுடுகிறாள், அவர்கள் ஓடுகிறார்கள். அடுத்து என்ன நிகழ்கிறது? துப்பாக்கியைத் துணைக்கு வந்த ஆடவனிடம் கொடுத்துவிடுகிறாள். சுடத் தெரிந்தவளுக்கு வைத்திருக்கத் தெரியாதா என்று நாம் அப்பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டோம்.

போர் ஆடவர் தொழில்; கதையாசிரியர் உள்ளதைத்தானே எழுதினார் என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். அமெரிக்கப் பத்திரிகைகளில் இவ்வகைக் கதைகள் செழித்து வளர்ந்த காலத்திலேயே உலகில் நடந்தது என்ன என்பதை நினைவுகூர்தல் நலம். 1942 முதல் சோவியத் நாட்டின் இரவுக் குண்டுவீச்சுப் படையணி ஒன்று, மரத்தாலும் துணியாலும் ஆன சிறு விமானங்களில் பறந்து ஜெர்மானியரைத் தாக்கியது. விமானிகள் மட்டும் அல்லர். வழிகாட்டுவோர், இயந்திரம் செப்பனிடுவோர், குண்டுகளைச் சுமந்து பொருத்துவோர் அனைவருமே பெண்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. சென்னையில் மருத்துவம் பயின்ற லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைவியானார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அங்கே துப்பாக்கி ஏந்தினர். அவர்களுட் பலர் இந்தியாவைக் கண்ணாற் கண்டதும் இல்லை. ஆக, உள்ளதை எழுதினார்கள் என்று சொல்வது பொருந்தாது. உள்ளதிற் பாதியை எழுதினார்கள் எனலாம்.

பின்னாளில் பெண்கள் வந்தார்கள்; ஆனால் வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். வியட்நாம் போரில் காயமுற்றுத் திரும்பிய ஜோ ஹால்டிமன் 1974இல் 'முடிவில்லாப் போர்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்படுகின்றனர். ஒரே கவசம், ஒரே பயிற்சி, ஒரே சாவு. போரின் வீண்தன்மையை அவ்வளவு உண்மையாகக் காட்டிய நூல்கள் சிலவே. எனினும், படையின் வழக்கமும் சட்டமுமாக அப்பெண்கள் உடன்பணியாற்றும் ஆடவரின் படுக்கைக்கும் இணங்கவேண்டும் என்று அதே நூல் முற்பகுதியில் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது. போரின் கொடுமைகளை எல்லாம் நின்று நோக்கிய ஆசிரியர் இவ்விடத்தில் நிற்கவே இல்லை. படையில் இடம் கொடுத்துவிட்டால் மதிப்பும் தானே வந்துவிடும் என்பதற்கில்லை.

திரைப்படத்தில் நிகழ்ந்த ஒன்று இதனினும் விந்தையானது. 1983இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படத்துக்காக, விண்வெளிச் சண்டையில் பங்குகொள்ளும் பெண் விமானிகளையும் படம்பிடித்திருந்தனர். படம் திரைக்கு வந்தபோது அக்காட்சிகள் வெட்டுண்டன. எஞ்சிய ஒருத்தியின் வாயசைவுக்கு ஓர் ஆணின் குரலைப் பொருத்திவிட்டார்கள். முகம் காணாமல் குரலை மட்டுமே நம்பி நேயர்முன் வரும் நமக்கு, முகம் இருந்தும் குரல் பறிபோன அப்பெண்ணை மறக்க முடியவில்லை. நம் நாட்டில் 2016இல் மூன்று பெண்கள் போர் விமானிகளாக விமானப்படையில் சேர்ந்தனர். கற்பனைக் கப்பல் ஓடத் தயங்கிய இடத்தில் உண்மை விமானம் பறந்துவிட்டது.

1997இல் ஹைன்லைனின் நாவல் திரைப்படமானபோது காலாட்படையில் பெண்களும் தோன்றினர். மூலக்கதையின் முதல் அத்தியாயத்திலேயே மடியும் ஃபுளோரெஸ் என்ற ஆண் வீரன், படத்தில் பெண்ணாக மாற்றப்பட்டான். அப்பெண்ணும் இறுதியில் கதாநாயகனின் கரங்களிலே உயிர் விடுகிறாள். 2003இல் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொலைக்காட்சிக்காகப் புத்துருவம் பெற்றபோது, ஸ்டார்பக் என்னும் விமானியைப் பெண்ணாக்கியதற்குப் பழைய இரசிகர்கள் பெரும் கூச்சல் எழுப்பினர். முன்னாளில் அவ்வேடத்தில் நடித்தவரே குறைகூறி எழுதினார். இயந்திரங்கள் மனித உருக்கொண்டு உலவுவதை நம்ப முடிந்தவர்களுக்குச் சுருட்டுப் பிடிக்கும் பெண் விமானியை நம்ப முடியவில்லை.

நமக்குப் படுவது இது. ஒரு கதாநாயகியைப் படைப்பது அவ்வளவு கடினமன்று. சுற்றி நிற்கும் பெயரற்ற கூட்டத்தில் பெண்களை நிறுத்துவதே கடினம். வாயிற் காவலர், இயந்திர அறையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவர், செய்தி கொண்டுவந்து தந்துவிட்டுப் போகிறவர் ஆகியோரை எழுதும்போது ஆசிரியரின் கை தானாகவே ஆணை எழுதிவிடுகிறது. அதனால் கதாநாயகி ஆயிரம் ஆடவர் நடுவே ஒருத்தியாக, ஓர் அதிசயப் பிறவியாக நிற்க நேர்கிறது. டேவிட் வீபர் 1990களில் தொடங்கிய ஹானர் ஹாரிங்டன் தொடரில் இந்நிலை மாறியிருக்கிறது. அவளுடைய கடற்படையில் எல்லாப் பதவிகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். அதை அங்கே எவரும் ஒரு செய்தியாகப் பேசுவதும் இல்லை. வேற்றுக் கோளின் ஆடவர் வந்து திகைக்கும்போதுதான் படிப்பவருக்கே அது நினைவுக்கு வருகிறது.

இதுகாறும் மேனாட்டு நூல்களையே பேசினோம். இவை அனைத்தும் தோன்றுமுன், வெல்ஸின் நூல் வந்த ஏழே ஆண்டுகளில், நம் நாட்டிலே ஒரு கதை பிறந்தது. வங்காளத்துப் பெண்மணியான ரொக்கையா என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' அது. 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் பத்திரிகை ஒன்றில் அச்சாயிற்று. பகையரசன் படையெடுத்து வருகிறான். ஆடவர் படை தோற்றுக் களைத்துவிடுகிறது. அந்நாட்டு அரசி அறிவுடைய பெண்களை அழைத்து ஆராய்கிறாள். பல்கலைக்கழகத் தலைவி ஒருத்தி தன் மாணவியர் இரண்டாயிரம் பேருடன் போர்க்களம் சென்று, ஞாயிற்றின் கதிர்களைத் திரட்டிப் பகைவர்மீது பாய்ச்சுகிறாள். வெப்பம் தாளாமல் படை ஓடுகிறது. உடல் வலிமை அங்கே ஒரு கேள்வியாகவே எழவில்லை. கருவி இருக்கிறது, அதைக் கையாளக் கற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டாயிரவருள் ஒருத்திக்கும் பெயர் இல்லை. ஒருத்தியும் அதிசயப் பிறவி அல்லள்.

ரொக்கையா இக்கதையைத் தம் கணவர் அலுவலாக வெளியூர் சென்றிருந்த வேளையில், பொழுது போக்கும் பொருட்டு எழுதினாராம். கணவர் பகல்பூரில் மாஜிஸ்டிரேட்டாக இருந்தவர். திரும்பி வந்ததும் கையெழுத்துப் படியை எடுத்து, உட்காராமல் நின்றபடியே முழுவதையும் படித்து முடித்தார். பழிவாங்கல் பயங்கரமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாராம்.