கழிவு கூறும் செய்தி

(தோட்டமொன்றின் மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மலம். பின்வரிசையில் சிரிப்பொலி கேட்கின்றது, சிரிக்கலாம், தவறில்லை. ஆயினும், இதனைப் பற்றிப் பேச நாணுவதால் நோயை முற்றவிட்டவர்கள் நம்மிடையே உளர். 2012 முதல் 2016 வரையிலான மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே முதலிடத்தில் நின்றது. பெண்களிடையே அது மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாக இருந்தது. நோய் கண்டறியப்பட்டோருள் பெரும்பாலோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டிய பின்னரே மருத்துவரிடம் வந்தவர்கள். மலத்தில் குருதி கண்டால், "மூலமாக இருக்கும், உடற்சூடாக இருக்கும்" என்று வெந்தயமும் மோரும் அருந்திக் காலங் கடத்துகின்ற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூலத்தாலும் குருதி கசியும், புற்றுநோயாலும் கசியும். எதனால் என்பதைக் கண்ணால் பார்த்துக் கூற எவராலும் இயலாது.

பால் நிறுக்கும் கொட்டகையில் நிகழ்வதை ரப்பர் மரம் சீவிய மூத்தோர் அறிவர். பாலில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதைக் கிராணியார் சொல்லிவிடுவார். அதற்காக மரத்தை வெட்டிப் பார்ப்பதில்லை. குடலிலிருந்து வெளிவருவதைக் கொண்டு குடலின் நிலையை அறியலாம் என்பதும் அத்தகைய எண்ணமே.

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கீரை, பருப்பு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றில் நமக்குச் செரிக்காத நார்ப்பொருளை அவை புளிக்கவைத்துப் பியூட்டிரிக் அமிலம் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. கெட்டுப்போன வெண்ணெயின் நெடி இதனுடையதே. நெடி எவ்வாறாயினும், பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு இதுவே உணவு. தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினை அவை இதிலிருந்தே பெறுகின்றன. புற்றுநோய் உயிரணுவின் போக்கு வேறு. அது சர்க்கரையை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலமாக்கும் என்பதனை 1920-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார்.

ஆகவே, நோயுற்றோர் மலத்தின் வேதிப்பொருள்களும் மாறியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்தனர். பல ஆய்வுகளில் அவ்வாறே காணப்பட்டது. பியூட்டிரிக் அமிலம் குறைந்திருந்தது. அமினோ அமிலங்கள் மிகுந்திருந்தன. கொழுப்பைச் செரிக்கவைக்கும் பித்தநீரை நுண்ணுயிர்கள் மாற்றியமைப்பதால் உண்டாகின்ற, குடற்சுவருக்குத் தீங்கான அமிலங்களும் கூடியிருந்தன.

இவ்விடத்தில் 2015-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைக் கூறாதிருக்க மனம் வரவில்லை. குடற்புற்றுநோய் மிகுந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேர். அந்நோய் மிக அரிதாயுள்ள தென்னாப்பிரிக்கச் சிற்றூர் மக்கள் 20 பேர். இரு சாராரும் இரண்டு வார காலம் உணவை மாற்றிக்கொண்டனர். நார்ப்பொருள் மிகுந்த ஆப்பிரிக்க உணவை உண்ட அமெரிக்கரிடம் பியூட்டிரிக் அமில உற்பத்தி இரண்டரை மடங்காயிற்று. தீங்கான பித்த அமிலங்கள் 70 விழுக்காடு குறைந்தன. இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கு மாறிய ஆப்பிரிக்கரிடம் இதற்கு நேர்மாறாக நடந்தது. இரண்டே வாரத்தில்! நம் பாட்டிமார் ஆக்கிய கேழ்வரகுக் கூழையும் முருங்கைக் கீரையையும் ஏளனம் செய்கின்ற இளைஞர்கள் இதனைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

அவ்வாறாயின் இச்சோதனையைக் கிளினிக்கில் செய்வதில்லையா என்று கேட்பீர்கள். இன்னும் அந்நிலை வரவில்லை. இரண்டு வார உணவே இவ்வளவு மாற்றத்தைச் செய்யுமானால், மாறுதல் நோயால் வந்ததா, உணவால் வந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. அன்றியும், மலம் வெளியேறிய பின்னும் அதிலுள்ள நுண்ணுயிர்கள் தம் வேலையை நிறுத்துவதில்லை. அம்மோனியா சேர்க்காத பால் வாளியிலேயே உறைந்து போவதுபோல, உடனே குளிரில் உறையவைக்காத மலத்தின் வேதிப்பொருள்களும் மணிக்கு மணி மாறிவிடுகின்றன.

இன்று நமக்குக் கிடைப்பது மலத்தில் மறைந்துள்ள குருதியைக் கண்டறியும் சோதனை. எளிய சோதனைதானே என்று எண்ணிவிட வேண்டா. இதன் பழைய வடிவத்தை அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,000-க்கு மேற்பட்டோரிடையே ஆராய்ந்து 1993-இல் முடிவை வெளியிட்டனர். ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டோரிடையே இந்நோயால் நேரும் மரணம் 33 விழுக்காடு குறைந்திருந்தது. இப்பொழுதுள்ள சோதனை மனிதக் குருதியை மட்டுமே இனங்காண்கின்றது. ஆகையால் முதல் நாள் உண்ட ஆட்டிறைச்சி அதனைக் குழப்பாது, பத்தியமும் வேண்டுவதில்லை. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, நோய்க்குறி ஏதுமற்ற 50 முதல் 75 வயது வரையிலானோர்க்கு இதனைப் பரிந்துரைக்கின்றது. "எனக்கு ஒன்றுமில்லையே" என்று சொல்பவருக்காகவே ஏற்பட்ட சோதனை இது.

கண்ணுக்குத் தெரியும் குருதி, காரணமின்றி உடல் மெலிதல், பல வாரங்களாக மலப்போக்கில் மாறுதல் ஆகியவை உள்ளவர்களும், பெற்றோர், உடன்பிறந்தோருள் எவருக்கேனும் இந்நோய் இருந்தவர்களும் இச்சோதனையோடு நின்றுவிடலாகாது. வயதைக் கருதாமல் நேரே மருத்துவரைக் காண வேண்டும்.

குருதி உண்டு என்று முடிவு வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளன்று. குழாய்வழியே குடலின் உட்புறத்தைப் பார்ப்பர். சிறு தசை முளை காணப்பட்டால் பெரும்பாலும் அப்பொழுதே அகற்றிவிடுவர். அம்முளை புற்றாக மாறப் பத்தாண்டுகள் வரையில் ஆகலாம். நமக்குக் கிடைத்துள்ள அவகாசம் அதுவே.

மாதிரி எடுக்கும் முறை கடினமன்று. கழிவறைத் தண்ணீரும் சிறுநீரும் கலவாதபடி பழைய தாளொன்றை விரித்து, கிளினிக்கில் தரும் குச்சியால் சிறிதளவு தொட்டுக் குப்பியில் இட்டு மூட வேண்டும். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். வெப்பத்தில் குருதியின் அடையாளம் அழிந்து, நோயிருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதைக் குப்பியைத் தருகின்ற தாதியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய்க் காலத்தில் மட்டும் தாய்மார்கள் மாதிரி எடுக்காது சில நாள் பொறுத்திருக்க வேண்டும்.